ஓபட்ஸ்டா: பழுத்த சீஸை வீணாக்காத பவேரியக் கைப்பக்குவம்

ஓபட்ஸ்டாவை டப்பாவில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதில் என்ன இருக்கிறது, வெறும் உப்பும் கொழுப்பும்தானே" என்று கேட்கும் தமிழ் நண்பர்களை மியூனிக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் தாங்க வேண்டும் என்று தயாராகும் பண்டம் வேறு. மதியம் பிசைந்து சாயங்காலம் மேசைக்கு வருகிற பண்டம் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. இங்கே வந்து குடியேறியவர்களில் பலர் டப்பாவோடு நின்றுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. வீட்டில் செய்ய அடுப்புகூடத் தேவையில்லாத ஓர் உணவு இது. அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தென் ஜெர்மனியில் இருக்கும் பவேரியா மாநிலத்தின் சீஸ் விழுது இது. நன்றாகப் பழுத்த கமெம்பெர் சீஸையும் வெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்து, இனிப்புப் பாப்ரிக்கா தூள், உப்பு, பெரும்பாலும் கேரவே விதை, கொஞ்சம் பீர் சேர்ப்பார்கள். வெளிர் ஆரஞ்சு நிறத்தில், அங்கங்கே வெள்ளைக் கட்டிகள் தெரிய, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பதத்தில் இருக்கும். மேலே பச்சை வெங்காய வளையங்கள். பக்கத்தில் உப்புத் தூவிய பிரேட்ஸன் என்ற முடிச்சு ரொட்டி, சிவப்புச் சிறு முள்ளங்கி. மாலை நேரத்துக் குளிர்ந்த சாப்பாட்டை இங்கே பிரோட்சைட் என்பார்கள். அந்தத் தட்டில் இது இல்லாமல் இருப்பது அபூர்வம்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்க ஃப்ரைசிங் ஊருக்கு வந்தவள். மியூனிக்கிலிருந்து வடக்கே எஸ்1 ரயிலில் ஏறினால் கடைசி நிறுத்தம். ஊருக்கு மேலே வைஹன்ஷ்டெஃபான் குன்று. பழைய மடாலயம் இருந்த இடம். இப்போது மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும், 1040ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் பீர் ஆலையும் அங்கேதான். ஆலையை ஒட்டி ஓர் உணவகம் இருக்கிறது, பிரோய்ஷ்ட்யூபர்ல் என்பார்கள். 1920களில் அதை நடத்திய கத்தரினா ஐசன்ரைஷ் என்ற அம்மையார், முற்பகலில் பீர் குடிக்க வருகிறவர்களுக்கு இந்த விழுதைப் பிசைந்து கொடுத்துப் பிரபலமாக்கினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. முதன்முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. மிஞ்சிய சீஸை வெண்ணெயோடு பிசைவது எந்த வீட்டிலும் யாருக்கும் தோன்றக்கூடிய காரியம். ஆனால் வீட்டுச் சமையலறையில் கிடந்ததை விருந்தாளியின் தட்டில் கௌரவமாக வைத்தவர் என்ற வகையில் அவரை நினைப்பது நியாயம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா. எழுபதைத் தாண்டியவர். பவேரிய வழக்கில்தான் பேசுவார். வகுப்பில் படித்த ஜெர்மன் அவரிடம் பாதிதான் செல்லும். வியாழக்கிழமை ஒரு கமெம்பெர் வட்டை வாங்கி வந்தால், அதைக் குளிர்பெட்டியில் வைக்க மாட்டார். நிலவறைப் படிக்கட்டின் ஓரம் ஒரு மண் தட்டு கவிழ்ந்திருக்கும், அதற்கடியில் இருக்கும். போகும்போதும் வரும்போதும் காகிதத்தை விலக்கி, கட்டைவிரலால் நடுவில் ஒரு முறை அழுத்துவார். ஓரத்தில் இல்லை, நடுவில்தான். நாம் மாம்பழத்தை அழுத்திப் பார்ப்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. "நோ நெட்" என்றால் இன்னும் ஆகவில்லை. ஒருநாள் அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்கு எடுத்துப் போனார் என்றால், அன்று மாலை ஓபட்ஸ்டா.

எல்லாமே சீஸ் பழுக்கும் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. செய்முறை எழுதுகிறவர்கள் பொருள் பட்டியலோடு நிறுத்திவிடுவதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கமெம்பெரின் மேல்தோலில் இருக்கும் வெள்ளைப் பூஞ்சை வெறும் அலங்காரம் அல்ல. அது சீஸின் புளிப்பைத் தின்று குறைக்கிறது. அதன் நொதிகள் புரதத்தை உடைக்கின்றன. இந்த வேலை தோலிலிருந்து உள்ளே நோக்கி நகர்கிறது. அதனால் இளம் கமெம்பெரை வெட்டினால் நடுவில் சுண்ணாம்புக்கட்டி நிறத்தில், உதிரியாக, புளிப்பாக ஒரு பட்டை தெரியும். தோலை ஒட்டி மட்டும் தந்த நிறத்தில் மினுமினுப்பாக இருக்கும். நாள் ஆக ஆக அந்த வெள்ளைப் பட்டை ஒடுங்கி மறைந்துவிடும். முழுதும் தந்த நிறமாகி, வெட்டினால் மெல்லப் பிதுங்கி வரும்போதுதான் ஓபட்ஸ்டாவுக்கு ஆன சீஸ். இளம் சீஸைப் பிசைந்தால் திப்பி திப்பியாக நிற்கும், வெண்ணெயோடு ஒட்டாது, ருசியும் வராது. அந்தக் குறையை மறைக்கத்தான் பலர் கிரீம் சீஸையும் மசாலாவையும் அள்ளிக் கொட்டுகிறார்கள்.

இதில் பணமும் மிச்சம். ஜெர்மனியில் சீஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதி, அதுவரை தரம் குறையாது என்பதற்கான உறுதி. அன்றோடு கெட்டுப்போகும் என்று அர்த்தம் இல்லை. கமெம்பெரைப் பொறுத்தவரை அந்தத் தேதியை நெருங்கும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில்தான் கடைக்காரர்கள் 30 சதவீதத் தள்ளுபடிச் சீட்டை ஒட்டி ஓரத்தில் வைப்பார்கள். நான் முழு விலை கொடுத்து ஓபட்ஸ்டாவுக்குக் கமெம்பெர் வாங்குவது அரிது. தேதிக்கு மூன்று நான்கு நாள் இருக்கிற வட்டாகப் பார்த்து எடுத்து, ஒருநாள் குளிர்ந்த இடத்தில் வெளியே வைப்பேன். கோடையில் வெளியே வைக்கக் கூடாது. குளிர்பெட்டியின் கதவுப் பக்கமே போதும்.

வாங்கும்போது இன்னொன்று. முக்கோணத் துண்டுகளாக வெட்டி அலுமினியத் தாளில் சுற்றியதைவிட, மெழுகுத்தாளில் சுற்றிய முழு வட்டு நல்லது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். நீண்ட நாள் ஒரே மாதிரி இருக்கும்படி தயாரிக்கப்படும் கமெம்பெர்களும் உண்டு. எத்தனை நாள் வைத்தாலும் ரப்பராகவே இருக்கும், பிதுங்காது. ரொட்டியில் வைத்துச் சாப்பிட அது போதும், பிசைய உதவாது. தேதி நெருங்கியும் அழுத்தினால் விரலைத் திருப்பித் தள்ளுகிறதென்றால் அந்த வகைதான்.

பழுத்ததற்கும் கெட்டதற்கும் நடுவில் உள்ள கோட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்ததும் லேசாக அம்மோனியா வாடை வந்தால் பயப்பட வேண்டாம். கால் மணி நேரம் திறந்து வையுங்கள், பறந்துவிடும். அப்படியும் மூக்கில் ஏறினால், நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். காரமாக எரிந்தால் விட்டுவிடுங்கள். தோலில் பழுப்புக் கோடுகள் வருவது வயதின் அடையாளம். கறுப்போ பச்சையோ புள்ளி வைத்திருந்தால் முழுசாகக் குப்பைக்குத்தான், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பதெல்லாம் மென்மையான சீஸுக்குச் சரிப்படாது. வெள்ளைத் தோலைச் சீவி எறியாதீர்கள். மணம் அதில்தான் இருக்கிறது. காய்ந்து கடினமான ஓரம் இருந்தால் மட்டும் கொஞ்சம் சீவலாம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். 250 கிராம் கமெம்பெருக்கு 60 முதல் 80 கிராம் வெண்ணெய், உப்பில்லாதது. இரண்டையும் பிசைவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். வெண்ணெய் உருகக் கூடாது, விரல் வைத்தால் குழிய வேண்டும், அவ்வளவுதான். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகப் பிரிந்துவிடும், அப்புறம் சேரவே சேராது. சீஸை முதலில் நாலாக எட்டாக வெட்டி, அகலமான கிண்ணத்தில் போட்டு, முள்கரண்டியின் முதுகால் அழுத்தி மசிக்க வேண்டும். பாதி மசிந்ததும் வெண்ணெய். பிறகு பாப்ரிக்கா தூள் ஒரு தேக்கரண்டி தலை தட்டாமல், கேரவே அரைத் தேக்கரண்டி, மிளகு இரண்டு சுற்று. உப்பு கடைசியில்தான். சீஸிலேயே நிறைய இருக்கிறது, ருசி பார்க்காமல் போடாதீர்கள். இறுதியாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி பீர் விட்டு, அதுவரை அழுத்திய கையை மாற்றி, கிளறித் தளர்த்த வேண்டும்.

மிக்சியைத் தொடாதீர்கள். இதை வீட்டுக்காரம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், காரணம் எனக்கு வகுப்பில்தான் புரிந்தது. பழுத்த சீஸில் புரதம் ஏற்கெனவே பாதி உடைந்திருக்கிறது. கத்தி அதிவேகமாகச் சுற்றும்போது மீதமிருக்கும் கட்டமைப்பும் குலைந்து, கொழுப்போடு கலந்து, கோந்தாக இழுக்கும். வாயில் வைத்தால் எல்லாம் ஒரே பசை. முள்கரண்டியில் மசித்ததில் பட்டாணி அளவுக் கட்டிகள் நிற்கும். ஒரு வாயில் வெண்ணெயின் மென்மை, அடுத்த வாயில் சீஸின் தோல், இடையில் கடிபடும் கேரவே. அந்த மாற்றம்தான் சாப்பிடத் தூண்டுகிறது. நான் அறிந்த வரையில் நல்ல உணவகங்கள் எதிலும் ஓபட்ஸ்டா வழவழவென்று வந்ததில்லை.

கேரவே பற்றி நம்மவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பார்க்கச் சீரகம் தோற்றம்தான், ஆனால் சீரகத்தை இதில் போட்டால் ருசி முற்றிலும் வேறு பக்கம் போய்விடும். ஜெர்மன் கடையில் வெறுமனே க்யூம்மல் என்று எழுதியிருப்பதை எடுக்க வேண்டும். க்ரொய்ட்ஸ்க்யூம்மல் என்றால் அது நம் சீரகம். பாப்ரிக்காவில் ஏடல்ஸ்யூஸ் என்று போட்ட இனிப்பு வகை. ஊரிலிருந்து கொண்டுவந்த காஷ்மீரி மிளகாய்த்தூளையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிறம் அருமை, காரம் மட்டும் சீஸின் மணத்தை மூடிவிடுகிறது. பாதி அளவு போடுங்கள். அல்லது பாப்ரிக்காவையே வாங்கிவிடுங்கள், விலை ஒன்றும் அதிகம் இல்லை.

வெங்காயம்தான் இங்கே ஓயாமல் விவாதம் நடக்கும் விஷயம். உள்ளே கலந்து பிசைகிறவர்கள் இருக்கிறார்கள், மேலே மட்டும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி, உறுதியாக. நறுக்கிய வெங்காயம் சீஸுக்குள் சில மணி நேரம் கிடந்தாலே நீர் விட்டு, கசந்து, நாறத் தொடங்கும். இன்றைக்கே முழுவதும் தீர்ந்துவிடும் என்றால் கலக்கலாம். மிஞ்சும் வாய்ப்பு இருந்தால், மெல்லிய வளையங்களாக நறுக்கி, பரிமாறும் நிமிஷத்தில் மேலே வைப்பதே சரி. கூட கொஞ்சம் பொடியாக நறுக்கிய ஷ்னிட்லாவுஹ், அதாவது மெல்லிய வெங்காயப் புல். சின்ன வெங்காயம் கிடைத்தால் அதுவும் மிக நன்றாகப் பொருந்துகிறது.

பிசைந்ததும் ஒரு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் மசாலா இறங்கும். ஆனால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பரிமாறாதீர்கள், வெண்ணெய் இறுகி ருசி அடங்கியிருக்கும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

பீர் குடிக்காத குடும்பங்களும் இதைச் செய்யலாம். பீர் ஒரு கட்டாயம் அல்ல. அதற்குச் சட்டப்படியே ஆதாரம் உண்டு. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது, நம்மூரில் திண்டுக்கல் பூட்டுக்கும் மதுரை மல்லிக்கும் இருக்கும் அதே வகைப் பாதுகாப்பு. பவேரியாவுக்கு வெளியே தயாரித்து இந்தப் பெயரில் விற்க முடியாது. கமெம்பெரோ அதே வகையான பிரீ சீஸோ, வெண்ணெய், பாப்ரிக்கா, உப்பு ஆகியவை கட்டாயம். மொத்த எடையில் கமெம்பெர் அல்லது பிரீ குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும், எல்லாச் சீஸும் சேர்ந்து குறைந்தது 50 சதவீதம். வெங்காயம், கேரவே, பீர், ரோமதூர், லிம்பர்கர் என்ற வாடை பலமான சீஸ்கள், கிரீம் சீஸ் எல்லாம் விருப்பப்படி. டப்பா வாங்கியே ஆக வேண்டும் என்றால், பின்புறம் கமெம்பெர் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். 40ஐ ஒட்டி நிற்கும் டப்பாவுக்கும் அதற்கு மேலே போகும் டப்பாவுக்கும் ருசியில் நல்ல வித்தியாசம் தெரியும். வீட்டில் நான் சொன்ன அளவில் செய்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீஸ்தான் இருக்கும்.

பீருக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி பாலோ கிரீமோ போதும். மதுவற்ற கோதுமை பீர் விட்டால் மணமும் கிடைக்கும். ஆனால் ஜெர்மனியில் மதுவற்றது என்று விற்பதில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்க அனுமதி உண்டு. அதையும் தவிர்க்க நினைப்பவர்கள் பாலோடு நிற்கட்டும்.

சைவம் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தட்டில் இறைச்சி தெரியாது, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். சீஸ் உறையவைக்கும் ரென்னெட் பல கம்பெனிகளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. பாக்கெட்டில் வெறுமனே லாப் என்று இருந்தால் அது விலங்கிலிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மிக்ரோபியெல்லெஸ் லாப் என்று தெளிவாக எழுதியிருந்தால் நுண்ணுயிர் வழியே தயாரித்தது, அதை வாங்கலாம். தேடினால் சாதாரணக் கடையிலேயே கிடைக்கிறது. அடுத்தது பிரேட்ஸன். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பேக்கரிகள் இன்றும் இருக்கின்றன. "ஷ்மால்ட்ஸ் இருக்கா?" என்று கேட்டால் போதும், ஒளிக்காமல் சொல்வார்கள். உணவகத்தில் ஓபட்ஸ்டா கேட்கும்போது, எந்தச் சீஸ் என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். என் கண்டிப்பான சைவ நண்பர்களுக்கு நான் வீட்டில் செய்துதான் கொடுக்கிறேன்.

கர்ப்பிணிகள் பச்சைப்பாலில் செய்த மென்மையான சீஸைத் தவிர்க்க வேண்டும் என்பது இங்கே மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது, லிஸ்டீரியா கிருமி காரணமாக. ரோமில்ஹ் என்று பாக்கெட்டில் இருந்தால் அது பச்சைப்பால். லிம்பர்கர், ரோமதூர் மாதிரி ஈரச் சிவப்புத் தோல் கொண்ட சீஸையும் அந்த மாதங்களில் சேர்க்க வேண்டாம். உணவகத்து ஓபட்ஸ்டாவில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது, ஆகவே அந்தக் காலத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது.

மற்ற நாட்களில், லிம்பர்கரையோ ரோமதூரையோ கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் பெல்ஜியப் பக்கத்திலிருந்து வந்து, 19ஆம் நூற்றாண்டில் பவேரியாவின் தெற்கே அல்கோய் மலைப்பகுதியில் நன்றாக வேரூன்றிய சீஸ்கள். வாடை பலமானது, ருசி வாடையைவிட மென்மையானது. 200 கிராம் கமெம்பெருக்கு 50 கிராம் ரோமதூர். அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். கூட்டுக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் இறுக மூடும் கண்ணாடி டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் அந்த மணம் மாதக்கணக்கில் போகாது.

கொழுப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பாக்கெட்டில் 50 சதவீதம் என்று போட்டிருப்பது, ஈரத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் பொருளில் பாதி என்ற கணக்கு. கமெம்பெரில் சுமார் பாதி நீர். அதனால் 100 கிராமில் உண்மையில் 25 கிராம் அளவுதான். வெண்ணெய் சேர்த்தபின் கனமான உணவு என்பதில் சந்தேகம் இல்லை. அதற்குத்தான் இத்தனை முள்ளங்கி.

முள்ளங்கி என்றதும் நம்ம ஊர் வெள்ளை முள்ளங்கி ஞாபகம் வருகிறதல்லவா, இங்கேயும் அதேதான். ராடி என்பார்கள். நீளமான முள்ளங்கியைச் சுருள் சுருளாக அறுத்து, இடுக்குகளில் உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைப்பார்கள். நீர் விட்டு, காரம் தணிந்து, மொறுமொறுப்பு மட்டும் மிஞ்சும். சுருள் அறுக்கும் கருவி இல்லாவிட்டால் கத்தியால் வில்லை வில்லையாக அரிந்தாலும் போதும். சாம்பாரில் மட்டுமே முள்ளங்கியைப் பார்த்தவர்கள் இந்த உப்பு முள்ளங்கியை ஓபட்ஸ்டாவோடு ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ரொட்டி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பிரேட்ஸன், அல்லது கோதுமைக்கு நெருங்கிய தானியமான ரையில் செய்த புளித்த கறுப்பு ரொட்டி. சப்பாத்தியும் தோசையும் சூடாக இருப்பதால் வெண்ணெய் உருகி விழுது பிரிந்துவிடுகிறது. வெள்ளை பிரட்டில் எதிர்த்து நிற்கும் புளிப்பும் உப்பும் இல்லை. பிரேட்ஸனின் பழுப்புத் தோல், அதைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்கிச் சுடுவதால் வருவது. அந்தத் தோலின் லேசான கசப்புக்கும் பழுத்த சீஸுக்கும் நடுவில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. காலையில் சுட்டதை அன்றே சாப்பிட வேண்டும். மறுநாள் அது தோலாகிவிடும்.

இதை வீட்டில் செய்து எடுத்துப்போய்ச் சாப்பிட மிகச் சிறந்த இடம் பீர் தோட்டம். மியூனிக்கில் புதிதாக வந்தவர்கள் பலர் தெரிந்துகொள்ளாத ஒன்று இது: பாரம்பரியமான பீர் தோட்டத்துக்கு உங்கள் சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போகலாம். குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும், எலுமிச்சை சோடாவோ ஆப்பிள் சாறோ எதுவானாலும். மேசை விரிப்பு போட்டிருக்கிற மேசைகள் பரிமாறுபவர் வருகிற பகுதி, அங்கே டப்பாவைத் திறக்கக் கூடாது. விரிப்பில்லாத மர மேசைகள் எல்லாருக்கும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. 1539இல் வந்த பவேரிய ஆணைப்படி செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம். கோடையில் தீ விபத்து பயம், பீர் கெட்டுப்போகும் பயம். அதனால் வசந்தத்தில் காய்ச்சியதைக் கோடை முழுக்கக் காக்க ஆற்றங்கரை மேடுகளில் ஆழமான நிலவறைகள் தோண்டினார்கள். மேலே சூடு இறங்காமல் இருக்க குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். இலை அகலம், வேர் ஆழமாகப் போகாததால் நிலவறையின் வளைவுக் கூரையை உடைக்காது. நிழல் வந்ததும் மக்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார்கள், ஊருக்குள் இருந்த உணவகக்காரர்களுக்குக் கோபம். 1812 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் மேக்ஸ் யோசஃப் ஒரு சமரசம் செய்தார்: ஆலைக்காரர்கள் கோடையில் தங்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது. அப்போதிலிருந்து மக்கள் கூடையில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அந்தத் தடை போய்விட்டது, கூடை மட்டும் நின்றுவிட்டது. 1999இல் வந்த பவேரிய பீர் தோட்ட விதிகள்கூட, சொந்த உணவு கொண்டுவரும் வழக்கத்தை பீர் தோட்டத்தின் அடையாளமாகவே சொல்கின்றன.

மியூனிக்கின் ஹிர்ஷ்கார்ட்டன் பீர் தோட்டத்தில் சுமார் 8,000 பேர் உட்காரலாம். குழந்தைகளோடு போகிற குடும்பங்களுக்கு அந்த இடத்தைத்தான் சொல்வேன். பக்கத்தில் மான்கள் இருக்கும் வேலி இருக்கிறது. எங்கள் நட்பு வட்டத்தில் ஒருவர் எலுமிச்சைச் சாதம் கட்டி வருவார், ஒருவர் மசால் வடை. என் பங்கு ஓபட்ஸ்டா. பக்கத்து மேசை மனிதர்கள் முதலில் வடையைப் பார்ப்பார்கள், அப்புறம் என் கிண்ணத்தைப் பார்த்து, "நீங்களே பிசைந்ததா?" என்று கேட்பார்கள். அங்கிருந்து கேரவே முழுசா பொடியா, வெங்காயம் உள்ளேயா வெளியேயா என்று பேச்சு வளரும். ஜெர்மன்காரர்கள் பழகமாட்டார்கள் என்ற குறையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை அக்கறையாகச் செய்து கொண்டுபோய் மேசையில் வைத்துப் பாருங்கள் என்பதே என் பதில்.

எடுத்துப்போகும்போது ஐஸ் பையில் வையுங்கள், வெங்காயமும் முள்ளங்கியும் தனி டப்பாவில். ஜூலை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் மிஞ்சியதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

பழுத்த சீஸின் வாடையே ஆகாது என்பவர்கள் ஜெர்மனியின் வேறு பகுதிச் சீஸ் விழுதிலிருந்து தொடங்கலாம். மைன்ஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள ரைன்ஹெஸ்ஸன் திராட்சைத் தோட்ட ஊர்களும் ஷ்புண்டகேஸ் என்று ஒன்று செய்கின்றன. குவார்க் என்ற மென்மையான புதுச் சீஸ், கிரீம் சீஸ், வெங்காயம், பாப்ரிக்கா, உப்பு. வெள்ளையாக, புளிப்பாக, சின்னச் சின்ன பிரேட்ஸனைத் தொட்டுச் சாப்பிடுவது. தயிர் பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். ஓடன்வால்ட் மலைப்பகுதிப் பக்கம் கோஹ்கேஸ் இன்னொரு ரகம், புளிப்புப்பால் சீஸைச் சமையல் சோடாவும் வெண்ணெயும் போட்டுச் சூட்டில் உருக்கிச் செய்வது. பவேரியாவுக்குள்ளேயே வடக்கே ஃப்ராங்கன் பகுதிக்குப் போனால் ஓபட்ஸ்டாவையே கெருப்ஃப்டர் என்று கேட்க வேண்டும்.

வெங்காயம் சேர்க்காத ஓபட்ஸ்டா குளிர்பெட்டியில் இரண்டு நாள் நிற்கும். இரண்டாம் நாள் காரம் ஏறும், விழுதாகச் சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்காது. நான் அன்றைக்கு உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாகப் பிளந்து, நடுவில் ஒரு கரண்டி வைத்து, மேலே மிளகு தட்டிக் கொடுத்துவிடுவேன். கிழங்குச் சூட்டில் வெண்ணெய் இளகி உள்ளே இறங்கிவிடுகிறது. மூன்றாம் நாளுக்கு எதையும் வைக்காதீர்கள்.